காலுக்கு இறங்கும் குறுக்கு வலி: கம்பம், குமுளிப் பக்கம் கேட்கும் கேள்விகள்

கம்பத்தில் பிசியோதெரபி செய்கிறேன். ஏலத்தோட்டத்துக்கு விடியக்காலையில் ஜீப் ஏறும் அக்காமார், மலையேறி இறங்கும் லோடு வண்டி ஓட்டுநர்கள், குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் என்று பலரும் "குறுக்கில் ஆரம்பித்து காலுக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இறங்குது" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. உங்களை நேரில் தொட்டுப் பார்த்த டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்? எப்போது உடனே ஓட வேண்டும்?

வழக்கமாகக் கடைசியில் வருகிற கேள்வி இது. முதலில் வைத்திருக்கிறேன்.

சிறுநீர் கழிக்கும் இடம், மலவாய், உள்தொடை ஆகிய இடங்களில், அதாவது சைக்கிள் சீட்டில் படும் பகுதியில், மரத்துப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முட்டுகிற மாதிரி இருந்தும் சிறுநீர் வராமல் போவது, தெரியாமலே போய்விடுவது, மலம் கட்டுப்படாமல் போவது, இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் வலுவிழப்பது எல்லாமே இதே கணக்குதான். முதுகெலும்பின் அடியில் கொத்தாக இறங்கும் நரம்புகள் மொத்தமாக நசுங்கும்போது இப்படி நடக்கும். மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம். ஒரு நாள் இரண்டு நாள் தள்ளிப்போனால் அறுவை செய்தாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமல் போகலாம்.

பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். "சூட்டு வலி, இளநீர் குடித்தால் சரியாகும்" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். கூச்சம் வேண்டாம். 108 வண்டி தமிழ்நாட்டிலும் உண்டு, கேரளத்திலும் உண்டு. எம்.ஆர்.ஐ. வசதியும் முதுகெலும்பு அறுவை செய்கிற டாக்டரும் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிதான் இதற்குத் தேவை. கீழே இருப்பவர்கள் மதுரை ராஜாஜி மருத்துவமனையையும் மலையில் இருப்பவர்கள் கோட்டயம் மருத்துவக் கல்லூரியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதம் தொங்கிப்போய் நடக்கும்போது தரையில் தேய்ந்தால் அதுவும் அவசரம்தான். அடுத்த நாளுக்குள் காட்டிவிடுங்கள். மாலை நேரக் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்வை ஆகியவற்றோடு முதுகு வலி வந்தால் அது முதுகெலும்பில் காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் அதை மறக்கவே கூடாது. முன்பு புற்றுநோய் இருந்தவர்கள், மரத்திலிருந்து அல்லது ஜீப்பிலிருந்து விழுந்தவர்கள் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

சயாட்டிகா என்பது ஒரு வியாதியா?

இல்லை. குறுக்கிலிருந்து காலுக்கு இறங்கும் இந்த வலிக்குத்தான் சயாட்டிகா என்று பெயர். காய்ச்சல் மாதிரி, அது ஓர் அறிகுறி. காரணம் வேறு எங்கோ இருக்கும்.

உடம்பிலேயே தடிமனான நரம்பு சயாட்டிக் நரம்பு. இடுப்பு முதுகெலும்பிலிருந்தும் அதன் கீழுள்ள எலும்பிலிருந்தும் வருகிற எல்4, எல்5, எஸ்1, எஸ்2, எஸ்3 என்ற ஐந்து வேர்கள் சேர்ந்து இது உருவாகிறது. பிட்டத்தின் ஆழத்தில் புகுந்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, முழங்காலுக்கு மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. வேர் சிக்குகிற இடத்தைவிட, அது போய்ச் சேரும் இடத்தில்தான் அதிகம் வலிக்கும். அதனால்தான் கோளாறு குறுக்கில் இருக்க, நீங்கள் கெண்டைக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலானவர்களுக்குக் காரணம் ஜவ்வு விலகல். எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வின் உள்பகுதி பிதுங்கி வேரைத் தொடுகிறது. இப்படி விலகுவதில் மிகப் பெரும்பங்கு கடைசி இரண்டு மட்டங்களில்தான். பிதுங்கிய ஜவ்வு வேரை அழுத்துவது மட்டுமில்லாமல், அதிலிருந்து கசியும் ரசாயனங்கள் வேரை வீங்க வைக்கின்றன. சின்ன விலகலுக்குப் பெரிய வலியும் பெரிய விலகலுக்குச் சின்ன வலியும் வருவதற்கு இது ஒரு காரணம். ஜவ்வுக்கும் கால் வலிக்கும் உள்ள இந்தத் தொடர்பை அமெரிக்காவின் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் 1934-ல் எழுதிய கட்டுரைதான் மருத்துவ உலகத்தை ஏற்க வைத்தது.

எனக்கு இருப்பது சயாட்டிகாதானா, வெறும் குறுக்குப் பிடிப்பா?

வலி முழங்காலைத் தாண்டி இறங்குகிறதா, குறுக்கைவிடக் கால் அதிகம் வலிக்கிறதா, தும்மினால் இருமினால் காலுக்குள் சுள்ளென்று ஓடுகிறதா என்று பாருங்கள். ஆமாம் என்றால் நரம்பு வேராக இருக்க வாய்ப்பு அதிகம். இடுப்போடும் பிட்டத்தோடும் நின்றுவிடும் வலி பெரும்பாலும் தசைப் பிடிப்புதான்.

எந்த வேர் என்பதும் ஓரளவு தெரியும். வெளிப்பக்கக் கணைக்காலில் இறங்கிப் புறங்காலிலும் பெருவிரலிலும் மரத்தால் எல்5. கெண்டைக்கால், குதிகால், சுண்டுவிரல் பக்கம் என்றால் எஸ்1. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நாலு அடி நடந்து பாருங்கள். பிறகு நுனிக்காலில் நடந்து பாருங்கள். குதிகால் நடை வரவில்லையென்றால் எல்4 அல்லது எல்5 வலுவிழந்திருக்கலாம். நுனிக்கால் நடை வரவில்லையென்றால் எஸ்1. இந்தப் பரிசோதனையைத் தினமும் ஒருமுறை செய்துகொள்ளச் சொல்கிறேன். வலி கூடிக் குறையும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் நேற்று வந்த நடை இன்று வரவில்லை என்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

சயாட்டிகா மாதிரியே வேஷம் போடும் மற்றவையும் உண்டு. பல வருடம் சர்க்கரை உள்ளவர்களுக்கு இரண்டு பாதமும் எரிவது வேறு. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்குக் கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி, நின்றால் விட்டுவிடுவது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். வலி வந்த சில நாளில் அதே வழியில் கொப்புளம் கிளம்பினால் அக்கி. அறுபது தாண்டியவர்கள் நிமிர்ந்து நின்றால் வலிக்கிறது, குனிந்தால் அல்லது உட்கார்ந்தால் சுகமாக இருக்கிறது என்றால் நரம்புக் குழாய், அதாவது முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கும் பாதை, சுருங்கியிருக்கலாம். அவர்களுக்கான பயிற்சி வேறு, கீழே சொல்கிறேன்.

ஏலக்காய் எடுக்கிற வேலையால்தான் வந்ததா? விட்டுவிட வேண்டுமா?

ஏலச்செடியில் காய் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்திருக்கும். ஆகவே காய் எடுப்பவர் நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் இருக்க வேண்டும், அதுவும் சரிவில், மழையில். ஒரே செடிக்கு நாற்பது நாள் வாக்கில் திரும்ப வர வேண்டியிருப்பதால் சீசனில் ஓய்வே கிடையாது. சாயங்காலம் சாக்கைத் தூக்கிக் களத்துக்குக் கொண்டுபோய், அப்புறம் ஜீப்பில் பத்துப் பதினைந்து பேராக நெருக்கி உட்கார்ந்து மேட்டுப் பாதையில் குலுங்கி இறங்குகிறார்கள். குனிந்து திரும்பித் தூக்குவது, நெடுநேரக் குலுக்கல் இரண்டும் ஜவ்வு விலகலோடு தொடர்புள்ளவை என்பது தெரிந்த விஷயம். எனவே வேலைக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் முழுப்பழியும் வேலைக்கல்ல. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. புகை ஜவ்வைச் சீக்கிரம் தேய்க்கிறது. உடல் எடையும் சேர்கிறது. நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் பில் போடுகிறவருக்கும் வருகிறது.

வேலையை விடச் சொல்வது எனக்கு எளிது, கூலியை நம்பியிருப்பவருக்கு எளிதல்ல. நான் கேட்பது சில்லறை மாற்றங்கள்தான். இரண்டு செடிக்கு ஒருமுறை எழுந்து, இடுப்பில் கை வைத்துப் பின்னால் ஐந்து தரம் வளையுங்கள். குனிந்தே இருப்பதைவிட ஒரு முழங்கால் ஊன்றி எடுங்கள். சாக்கை நிரப்பி ஒரே தடவை தூக்காமல் பாதிப் பாதியாக இரண்டு தடவை கொண்டுபோங்கள். தூக்கும்போது இடுப்பைத் திருப்பாமல் பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள். வலி அதிகமாக உள்ள வாரத்தில் ஜீப்பில் முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கங்காணியிடம் சொல்லி, சரிவு குறைந்த பாத்தியோ களத்தில் காய் பொறுக்கும் வேலையோ இரண்டு மூன்று வாரம் தரச் சொல்லுங்கள். கேட்டால் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காமலே பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள்தான் அதிகம்.

ஓட்டுநர் அண்ணன்மாருக்கு ஒன்று. பின்பாக்கெட்டில் கனமான பர்ஸை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காராதீர்கள். பிட்டத்தில் நரம்பு அழுந்தும். குமுளி செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும்போது சீட்டிலேயே தூங்காமல் இறங்கி நடங்கள்.

எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்?

முடிந்த அளவு குறைவாக. ரொம்ப வலி என்றால் ஒரு நாள், இரண்டு நாள் படுங்கள், தப்பில்லை. அதற்கு மேல் படுக்கையே கதி என்று கிடந்தால் தசை இளைத்து, எழுந்திருக்கவே பயம் வந்துவிடும்.

நெதர்லாந்தில் சயாட்டிகா உள்ள 183 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இரண்டு வாரம் படுக்க வைத்தார்கள், மறு பாதியை முடிந்தவரை நடமாட விட்டார்கள். 1999-ல் முடிவு வெளியானது. பன்னிரண்டு வாரத்தில் இரண்டு தரப்பிலும் 87 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். படுத்ததால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. இங்கே மாமியார்மார் "மூன்று மாசம் அசையாதே" என்று சொல்வது அன்பினால்தான், ஆனாலும் அதைக் கேட்காதீர்கள்.

வீட்டுக்குள் பத்து நிமிடம் நடங்கள், ஒரு நாளில் நாலைந்து தடவை. தரையில் குந்தி உட்கார்வது முதல் சில வாரம் வலியைக் கூட்டும். இந்தியக் கழிப்பறை மட்டும் இருக்கும் வீடுகளில், நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போதும். படுக்கும்போது ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. கட்டாந்தரையில்தான் படுக்க வேண்டும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. அமுங்காத, ஆனால் கல் மாதிரியும் இல்லாத மெத்தை நல்லது. பெல்ட் போட்டால் தெம்பாக இருக்கிறதென்றால் ஜீப் பயணத்துக்கு மட்டும் போடுங்கள், வீட்டில் கழற்றிவிடுங்கள்.

உடனே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா?

மேலே சொன்ன ஆபத்து அறிகுறி இருந்தால் உடனே எடுக்க வேண்டும். ஆறு வாரம் கழித்தும் குறையாமல், ஊசியோ ஆபரேஷனோ யோசிக்கும் நிலை வந்தாலும் எடுக்க வேண்டும். மற்றபடி முதல் வாரத்திலேயே பல ஆயிரம் செலவழிப்பதில் பயனில்லை.

ஸ்கேனில் எதுவும் தெரியாமல் போகும் என்பதல்ல சிக்கல், தேவையில்லாததும் சேர்ந்து தெரியும். 1994-ல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, பாதிப் பேருக்கும் மேல் ஏதாவது ஒரு மட்டத்தில் ஜவ்வு பிதுங்கியிருந்தது. 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வலி இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்குப் பிதுக்கம், எண்பது வயதில் 84 சதவீதம். முடி நரைப்பது போலத்தான் இதுவும். ரிப்போர்ட்டில் இருக்கும் மட்டமும் பக்கமும் உங்கள் காலில் இருக்கும் வலியோடு பொருந்துகிறதா என்று டாக்டர் பார்த்த பிறகுதான் அந்தப் படத்துக்கு மதிப்பு. வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டை அனுப்பி "ஜவ்வு எவ்வளவு விலகியிருக்கு?" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது "குதிகாலில் நடக்க முடிகிறதா?" என்பதைத்தான்.

என்ன பயிற்சி செய்வது?

எல்லாருக்கும் ஒரே பயிற்சி கிடையாது. நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி காட்டிய ஒரு விஷயம் எனக்கு தினமும் உதவுகிறது. ஒரு பயிற்சி செய்யும்போது வலி பாதத்திலிருந்து முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து பிட்டத்துக்கும் மேலேறினால் அது உங்களுக்குப் பொருந்தும் பயிற்சி. குறுக்கில் வலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வலி கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

ஜவ்வு விலகிய நிறையப் பேருக்கு ஒத்துவருவது இது: குப்புறப் படுத்து இரண்டு நிமிடம் இருங்கள். பிறகு முழங்கையை ஊன்றி மார்பை மட்டும் தூக்குங்கள். ஒத்துக்கொண்டால் உள்ளங்கையை ஊன்றி, இடுப்பு தரையிலேயே இருக்க, கையை நீட்டி எழும்பி இறங்குங்கள். பத்துத் தடவை, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. நரம்புக் குழாய் சுருங்கிய பெரியவர்களுக்கு இது ஆகாது. அவர்கள் மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவருவதும், ஹேண்டில் பாரில் சாய்ந்து சைக்கிள் மிதிப்பதும் நல்லது.

காலை நீட்டி உட்கார்ந்து குனிந்து கட்டை விரலைத் தொடுவதை வலி அதிகமாக உள்ள வாரங்களில் செய்யாதீர்கள். யோகா வீடியோ பார்த்து அதைச் செய்துவிட்டு நொண்டிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்.

மாத்திரை, ஊசி?

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சில நாள் உதவலாம். சயாட்டிகாவுக்கு அவற்றின் பலன் சுமார்தான். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக்கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் கடைக்காரர் சொல்லி வாங்கிப் போடக் கூடாது. மருந்துக்கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் பெயரில்லாத "வலிக் கலவை"யில் ஸ்டீராய்டு இருக்கலாம். அதை வாங்கவே வேண்டாம்.

நரம்பு வலிக்கென்று ப்ரிகாபலின் நிறைய எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் நடந்த ஆய்வில் (2017) அது மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிடக் கால் வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றலைத்தான் கூட்டியது. மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டுக் குறையுங்கள்.

இனி பிட்டத்தில் போடும் ஊசி. "ஒரு ஊசி போட்டால்தான் கேட்கும்" என்று நம்மவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். பிட்டத்தின் மேல்-வெளிப்பகுதியில் போடாமல் இடம் தவறினால், மருந்து சயாட்டிக் நரம்பிலேயே இறங்கிப் பாதம் தொங்கிப் போகலாம். இது பாடப்புத்தகத்தில் உள்ள விபத்து. ஒல்லியானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து கூடுதல். மாத்திரை விழுங்க முடிகிறவருக்கு ஊசி தேவையே இல்லை. போடும்போதே காலுக்குள் மின்சாரம் பாய்ந்தால் உடனே சத்தம் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

முதுகெலும்புக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி வேறு. கடுமையான கால் வலிக்குச் சில வாரம் ஆறுதல் தரலாம், நிரந்தரத் தீர்வல்ல. அதை ஆபரேஷன் அறை வசதியுள்ள இடத்தில்தான் போட வேண்டும்.

எல்லை தாண்டினால் ஆயுர்வேத வைத்தியசாலை. கிழி (மருந்துப் பொட்டலச் சூட்டு ஒத்தடம்), உழிச்சில் (எண்ணெய் தேய்த்து நீவுவது), கடி வஸ்தி (இடுப்பில் மாவு வளையம் கட்டிச் சூட்டு எண்ணெய் நிறுத்துவது) செய்யலாமா?

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. குமுளியில் பேருந்தைவிட்டு இறங்கினாலே மசாஜ் பலகைகள்தான்.

முதலில், சுற்றுலாப் பயணிக்கு எண்ணெய் தேய்க்கும் கடையும் பதிவு பெற்ற ஆயுர்வேத டாக்டர் இருக்கும் வைத்தியசாலையும் ஒன்றல்ல. கேரளத்தில் அரசு ஆயுர்வேத ஆஸ்பத்திரிகளே இருக்கின்றன, செலவும் குறைவு. இளஞ்சூட்டு எண்ணெயும் கிழியும் இறுகிய தசையைத் தளர்த்தும், தூக்கம் வரும். அதனால் நடமாட முடிந்தால் லாபம்தான். கருங்குறிஞ்சி, தேவதாரு, சுக்கு சேர்ந்த சஹசராதி கஷாயத்தை இதற்கென்றே அங்கே காலங்காலமாகக் கொடுக்கிறார்கள். கஷாயம் குடிப்பதாக உங்கள் ஆங்கில டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

நான் கறாராக இருப்பது மூன்று இடத்தில். முதுகில் ஏறி மிதிப்பது, இடுப்பைச் சட்டென்று முறுக்கிச் சத்தம் வரவைப்பது ஆகியவற்றைக் காலில் மரத்துப்போதலோ வலுவிழப்போ இருக்கும்போது செய்யக் கூடாது. பாதி விலகிய ஜவ்வு முழுதாகப் பிதுங்கிவிடலாம். பஸ்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளைப் பட்டதாரி வைத்தியர் எழுதாமல் தொடாதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது வேண்டவே வேண்டாம். மரத்துப்போன காலில் சூட்டுக் கிழி வைத்தால் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போய்விடும் என்கிறார்களே?

அந்தப் பயம் பழைய காலத்தது. இப்போது செய்வது நுண்ணோக்கி வைத்துச் சின்னத் துளையில் பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கும் அறுவை. பெரும்பாலானவர்கள் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கிறார்கள். கால் வலிக்கு நன்றாகக் கேட்கும், குறுக்கு வலிக்கு அந்த அளவு கேட்காது. இதைத் தெரிந்துகொண்டு படுக்க வேண்டும்.

ஆனால் அவசர அறிகுறி இல்லாதவர்களுக்கு அவசரம் இல்லை. விலகிய ஜவ்வை உடம்பே கரைத்துவிடுகிறது, பெரிய துண்டாக வெளியே வந்தது இன்னும் நன்றாகக் கரைகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் நல்ல முன்னேற்றம் தெரியும். அப்படியும் குறையாத, 6 முதல் 12 வாரக் கடும் வலி உள்ள 283 பேரை வைத்து நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது (2007). உடனே அறுவை செய்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பின்னால் அறுவைக்குப் போனார்கள். ஒரு வருடம் முடிந்தபோது இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஆகவே இது உங்கள் முடிவு: வலியைத் தாங்க முடியவில்லை, வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் அறுவை நியாயமானது. தாங்க முடிகிறது, நாளுக்கு நாள் குறைகிறது என்றால் காத்திருப்பதும் நியாயமானது. நாலு மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் நான் அறுவை டாக்டரிடம் அனுப்பிவிடுவேன்.

தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை கேரள ஆஸ்பத்திரியில் செல்லும், அங்குள்ளது இங்கே செல்லும் என்று எண்ணிக்கொண்டு போய்ச் சேராதீர்கள். சேருவதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன், கால் வலிக்கிறதே?

அதிகம் பேருக்கு வருவதுதான், பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் போய்விடும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது, நடப்பது, மிதமான ஒத்தடம் போதும். வலி மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக் வகை வேண்டாம். பாராசிட்டமால் என்றாலும் மகப்பேறு டாக்டரைக் கேட்டு.

எப்போது வேலைக்குத் திரும்பலாம்?

வலி முழுக்கப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரைமணி நேரம் தொடர்ந்து நடக்க முடிகிறது, குந்தி எழ முடிகிறது, குதிகால் நடை, நுனிக்கால் நடை இரண்டும் சரியாக வருகின்றன என்றால் தொடங்கலாம். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போங்கள். சாக்கு தூக்குவதை மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். அறுவை செய்தவர்கள் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு நாலு முதல் ஆறு வாரத்தில் போகலாம். சுமை தூக்கவோ மலைச் சரிவில் காய் எடுக்கவோ மூன்று மாதம் ஆகும்.

சாயங்காலம் ஜீப்பைவிட்டு இறங்கியதும் நேராக அடுப்படிக்குப் போகாமல், பாயைப் போட்டு ஐந்து நிமிடம் குப்புறப் படுங்கள். காபியை அன்றைக்கு வீட்டில் வேறு யாராவது போடட்டும்.